கார்ன்வாலிஸ் சிலையும் கோயம்புத்தூர்க் கோட்டையும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் வெண்பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. உயரம் 14.5 அடி. பீரங்கி, வாள், பழைய ராணுவ உடுப்பு, நாணயம், பதக்கம் என்று பார்க்க வருகிறவர்கள் இதன் முன்னால் ஒரு நிமிஷம் அண்ணாந்து நின்றுவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் குனிந்தும் பார்க்க வேண்டும். பிரபுவின் காலுக்குக் கீழே பீடத்தில் ஒரு காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சிறுவர்களை ஒரு தரப்பு ஒப்படைக்கிறது, வெள்ளைக்காரத் தளபதி ஏற்றுக்கொள்கிறார். சிறுவர்கள் திப்பு சுல்தானின் மகன்கள். ஆண்டு 1792.

அந்தப் பீடத்தை வெறும் வெற்றிச் சின்னமாகப் பார்த்துவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சிறுவர்கள் பிணையாகப் போவதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் சண்டையின் ஒரு பகுதி கொங்கு மண்ணில் நடந்தது. கோயம்புத்தூர்க் கோட்டை இரண்டு முறை முற்றுகைக்கு உள்ளானது. சமாதானப் பேச்சு தொடங்கும் முன்னால் எதிரிகள் இருவரும் வாதிட்டது கோயம்புத்தூரைப் பற்றித்தான். கல்லில் அந்த ஊரின் அடையாளம் எதுவும் இல்லை. ஊரில் அந்தக் கோட்டையும் இல்லை.

கணபதியில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊர் வழியாகப் போவது சத்தி ரோடு. காந்திபுரத்தில் பஸ் ஏறினால் டெக்ஸ்டூல், கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி தாண்டிச் சத்தியமங்கலம். அதற்கு மேலே பண்ணாரி, திம்பம், பிறகு மைசூர்ச் சீமை. இன்றைக்கு இந்தச் சாலையில் மோட்டார் பம்பும் வார்ப்பு உதிரிபாகங்களும் லாரியில் போகின்றன. அன்றைக்கு மைசூரிலிருந்து கொங்கு நாட்டுக்குப் படை இறங்கும் திசை இது. படைகள் பயன்படுத்திய வழி கெஜலட்டிக் கணவாய். மோயாறு பவானியில் சேரும் இடத்தில் தணாயக்கன்கோட்டை அந்தக் கணவாயின் அடிவாரத்தைக் காத்து நின்றது. 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை அந்தக் கோட்டையைத் தண்ணீருக்குள் எடுத்துக்கொண்டது. அணை நன்றாக வற்றும் கோடைகளில் அங்கிருந்த பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும்.

1789 டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் எல்லை அரணான நெடுங்கோட்டையைத் திப்பு தாக்கினார். திருவிதாங்கூர், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடு. மூன்றாம் மைசூர்ப் போர் அதிலிருந்து தொடங்கியது. சென்னை கவர்னராக இருந்த ஜெனரல் மெடோஸ் திருச்சியிலிருந்து புறப்பட்டு, கரூரையும் தாராபுரத்தையும் பிடித்து, 1790 ஜூலையில் கோயம்புத்தூருக்குள் நுழைந்தார். மைசூர்ப் படை ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. கர்னல் ஸ்டூவர்ட் திண்டுக்கல்லையும் பாலக்காட்டையும் பிடித்தார். கர்னல் ஃபிளாய்ட் சத்தியமங்கலத்தைப் பிடித்தார். கெஜலட்டி வழியாக மேலே ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போவது மெடோஸின் திட்டம். அவர் ஏறுவதற்குள் திப்பு இறங்கிவிட்டார். செப்டம்பர் 13ஆம் தேதி பவானிக் கரையில் நடந்த சண்டைக்குப் பிறகு ஃபிளாய்ட் பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கினார். மறுநாள் சேவூர்ப் பக்கத்தில் மறுபடி மோதல். திப்புவின் மைத்துனர் புர்ஹானுதீன் அந்தச் சண்டையில் உயிரிழந்தார். சில வாரங்களுக்குள் ஈரோடும் தாராபுரமும் திப்புவின் கைக்குத் திரும்பின.

பவானிக்கும் நொய்யலுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் அந்த வருஷம் குடியானவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைய படை காளைகளால் நகர்ந்தது. பீரங்கியை இழுக்க, அரிசி சுமக்க, வெடிமருந்து ஏற்ற எல்லாவற்றுக்கும் காளை வேண்டும். வண்டியும் காளையும் தவசமும் வைத்திருந்தவனை இரண்டு பக்கத்துப் படையும் தேடி வந்தது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன கார்ன்வாலிஸ், காளைகள் மாண்டுபோனதால் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. ராஜாக்களின் படங்களில் காளைக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் போரின் போக்கைத் தீர்மானித்தது அதுதான்.

கார்ன்வாலிஸ் இந்தக் கதைக்குள் வந்தது 1790 டிசம்பரில். கவர்னர் ஜெனரலாக இருந்தவர் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து படைத்தலைமையைத் தானே ஏற்றுக்கொண்டார். இவருக்கு முன்கதை ஒன்று உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1781 அக்டோபர் 19ஆம் தேதி, யார்க்டவுன் என்னுமிடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் சரணடைந்த ஆங்கிலப் படை இவருடையது. உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சரணடையும் சடங்குக்கு அவர் வரவில்லை. துணைத்தளபதி ஓஹாராவை வாளோடு அனுப்பினார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஜான் டிரம்புல் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று தொங்குகிறது. அதன் பெயரே கார்ன்வாலிஸ் சரணடைந்தது என்பதுதான். படத்தில் கார்ன்வாலிஸ் இல்லை. இழந்த மானத்தை அவர் மீட்டுக்கொண்ட இடம் நம் நாடு.

கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தது 1791 மார்ச்சில். அதே ஆண்டின் நடுவில், பெரிய படைகள் எல்லாம் மைசூர் மேட்டுநிலத்தில் இருந்தபோது, கோயம்புத்தூர் கிட்டத்தட்ட அநாதையாக விடப்பட்டிருந்தது. பாலக்காட்டில் இருந்த மேஜர் கப்பேஜ், கோவைக் கோட்டையைப் பலமானதாக நினைக்கவில்லை. நல்ல பீரங்கிகளையும் சாமான்களையும் பாலக்காட்டுக் கோட்டைக்கு மாற்றிவிட்டார். ஹைதர் அலி 1766இல் கட்டிய அந்தக் கோட்டை இன்றும் அகழியும் மதிலும் குலையாமல் நிற்கிறது. கோவைக்காரர்கள் கோட்டை பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போகிறோம். கோவையில் மிஞ்சியது பழைய பீரங்கிகளும் சிறிய படையும். தலைவர் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி. அவரிடம் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர்கள்: திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள், தொப்பாசிகள் என்று அழைக்கப்பட்ட கலப்பின வீரர்கள். கம்பெனிக்காகவும் திருவிதாங்கூர் ராஜாவுக்காகவும் கோவைக் கோட்டையைக் காத்தவர்களில் பலர் மலையாளம் பேசியவர்கள். வெளியே முற்றுகையிட்டவர்கள் மைசூர்க்காரர்கள். நடுவில் இருந்த ஊர் எங்களுடையது.

ஜூனில் தொடங்கிய முற்றுகை ஆகஸ்ட் 11ஆம் தேதி பெரும் தாக்குதலாக முற்றியது. கோட்டை விழவில்லை. அக்டோபரில் திப்புவின் தளபதி கமருதீன் கான் இன்னும் பெரிய படையோடு வந்தார். பாலக்காட்டிலிருந்து உதவிக்குக் கிளம்பிய கப்பேஜைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார். சால்மர்ஸும் அவருக்குத் துணையாக வந்திருந்த லெப்டினன்ட் நாஷும் காயப்பட்டார்கள். மதில் உடைந்தது. நவம்பர் தொடக்கத்தில், படையினர் பாலக்காட்டுக்குப் போக அனுமதிக்கப்படுவார்கள் என்ற உடன்படிக்கையின் பேரில் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. அந்த உடன்படிக்கை காக்கப்படவில்லை. பிடிபட்டவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தச் சிறு சம்பவம்தான் பெரிய பேச்சுவார்த்தையின் வாசலில் போய் நின்றது. 1792 தொடக்கத்தில் திப்பு சமாதானத் தூது அனுப்பியபோது, கோயம்புத்தூரில் கொடுத்த வாக்கை மீறியவரோடு எப்படிப் பேசுவது என்று கார்ன்வாலிஸ் கேட்டார். பிப்ரவரி 6ஆம் தேதி இரவு கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்களைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. அதற்கு அடுத்த நாட்களில் திப்பு முதலில் செய்த காரியம் சால்மர்ஸையும் நாஷையும் விடுவித்து, அவர்கள் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்பியதுதான்.

உடன்படிக்கை கடுமையானது. ராஜ்ஜியத்தில் பாதி போக வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அது தீரும்வரை இரண்டு மகன்கள் பிணையாக இருக்க வேண்டும். பிப்ரவரி 26ஆம் தேதி வெள்ளி அம்பாரி வைத்த யானைகளில் சிறுவர்கள் கோட்டையை விட்டு வந்தார்கள். அப்துல் காலிக்குக்குப் பத்து வயதுபோல. முயிசுதீனுக்கு எட்டு. பீரங்கிகள் முழங்கின. கார்ன்வாலிஸ் தன் கூடாரத்து வாசலுக்கு வந்து அணைத்துக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்.

பீடத்தைப் பார்க்கிறவர்கள் திப்பு தன் மகன்களை ஒப்படைக்கும் காட்சி என்றே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கூடாரத்து வாசலில் திப்பு இல்லை. அவருடைய தூதர் குலாம் அலி கான்தான் சிறுவர்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். தகப்பன் கோட்டைக்குள்ளேயே இருந்தார். யார்க்டவுன் சடங்குக்கு வராத கார்ன்வாலிஸ், தனக்கு நடந்ததை இன்னொருவருக்கு நடத்தும்போது அந்த இன்னொருவரும் வரவில்லை. தோற்றவன் கண்முன் நிற்காத இந்த இரண்டு நாட்களையும் ஒருசேர நினைத்தால், வெற்றியைக் கல்லில் செதுக்குவதற்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்று புரிகிறது.

அவசரப்பட்டார்கள் என்பது உண்மை. பிள்ளைகளைப் பிணையாகப் பெற்ற அந்தக் காட்சியை ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் என்று ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு தீட்டினார்கள். ஹோம் படையோடு கூடவே போனவர். சென்னையில் இருந்த வெள்ளையர்கள் பணம் திரட்டிச் சிலை செய்யத் தீர்மானித்தார்கள். அந்த வேலை லண்டனில் தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பியிடம் போனது.

பேங்க்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோமில் பல வருஷம் இருந்து பழகியவர். ரஷ்யாவுக்கும் போய் வந்தவர். 1791இல் பெனலோப்பி பூத்பி என்ற பெண்குழந்தை ஆறு வயது நிரம்புவதற்கு முன்பே இறந்துபோனது. அந்தக் குழந்தை ஒருக்களித்துத் தூங்குவதுபோல் பேங்க்ஸ் பளிங்கில் செய்த கல்லறைச் சிற்பத்தை 1793இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது ராணி சார்லட் அதன் முன் நின்று அழுதாராம். இன்று அது ஆஷ்பர்ன் ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. அரசியலில் தீவிரக் கருத்துக்காரர்களோடு பழகியதால் 1794 வாக்கில் ராஜதுரோகச் சந்தேகத்தில் பிடித்து விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவரும் அவர். இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான், அப்பனை விட்டுப் பிரிந்து வந்த இரண்டு பிள்ளைகளின் காட்சியும் உருவானது. பீடத்தின் முன்னால் நிற்கும்போது பிரபுவின் கம்பீரத்தைவிட அந்தச் சின்ன உருவங்கள் என்னைப் பிடித்து நிறுத்துகின்றன.

பளிங்கு கப்பலேறியது. அன்றைய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையேறிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதினால் வளைந்துகொடுக்கும், உடையாது. இந்தச் சிலையையும் கரை சேர்த்தவர்கள் சென்னையின் கடலோடிகளாகத்தான் இருக்க வேண்டும்.

1800ஆம் ஆண்டு கோட்டையின் அணிவகுப்புத் திடலில், தூண்கள் தாங்கிய குவிமாடத்துக்குள் சிலையை நிறுத்தினார்கள். அதற்குள் எல்லாமே மாறியிருந்தது. பிணையாக இருந்த சிறுவர்கள் 1794இல் தகப்பனிடம் திரும்பிப் போனார்கள். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டார். 1792 உடன்படிக்கையில் சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் பகுதிகளை எடுத்துக்கொண்ட கம்பெனி, அவ்வளவு சண்டை போட்ட கோயம்புத்தூரைத் திப்புவிடமே விட்டிருந்தது. 1799க்குப் பிறகுதான் கோவை கம்பெனிக்கு வந்தது.

வந்த உடனே அடங்கிக் கிடக்கவும் இல்லை. சிலை திறந்த அதே 1800இல், ஜூன் 3ஆம் தேதி, கோவையிலிருந்த கம்பெனிப் படைத்தளத்தின்மேல் பாய்வதென்று பாளையக்காரர் கூட்டணி நாள் குறித்தது. திட்டம் வெளிப்பட்டுத் தோற்றது. 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சென்னைக் கோட்டைக்குள் வெற்றிச் சிலையைச் சுற்றி அணிவகுப்பு நடந்த நாட்களில் கொங்கு நாட்டில் தூக்குமரங்கள் நின்றன. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய புத்தகம் பள்ளியில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

1805ஆம் ஆண்டு இந்தக் கதையில் மூன்று பேரைக் கொண்டுபோனது. பிப்ரவரியில் லண்டனில் சிற்பி பேங்க்ஸ் இறந்தார். ஜூலை 31ஆம் தேதி சங்ககிரி மலைக்கோட்டையில் கொங்குப் போராளி தீரன் சின்னமலையைக் கம்பெனி தூக்கிலிட்டது. 1792 உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கிடைத்த கோட்டைகளில் சங்ககிரியும் ஒன்று. அக்டோபர் 5ஆம் தேதி, இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாக வந்திருந்த கார்ன்வாலிஸ் காசிப்பூரில் காலமானார். அவருக்குக் காசிப்பூரில் கல்லறை இருக்கிறது. சென்னையில் உடலில்லாத நினைவு மண்டபம் ஒன்றைத் தேனாம்பேட்டையில் எழுப்பினார்கள். இன்றைய செனடாப் ரோடு அந்த மண்டபத்தின் பெயரைத்தான் சுமக்கிறது.

மண்டபம் பிறகு கடற்கரைக்கு, பெண்டிங்க் கட்டடத்துக்கு எதிரே இடம்பெயர்ந்தது. 1906இல் கோட்டைத் திடலிலிருந்து சிலையும் அங்கே போனது. அந்த இடத்தின் பெயரைக் கவனியுங்கள். வில்லியம் பெண்டிங்க் சென்னை கவர்னராக இருந்தபோதுதான், 1806 ஜூலை 10ஆம் தேதி, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். திப்புவின் மகன்கள் அப்போது அந்தக் கோட்டைக்குள்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். பீடத்தில் செதுக்கப்பட்ட பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கிளர்ச்சிக்குப் பிறகு குடும்பத்தையே கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பியது. பெண்டிங்க்கை லண்டன் திருப்பி அழைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, அந்தப் பிள்ளைகளின் பளிங்கு உருவம் அவர் பெயர் கொண்ட கட்டடத்தைப் பார்த்து நின்றது. திட்டமிட்டுச் செய்த எதுவும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

கடற்கரையில் சிலை நிலைக்கவில்லை. உப்புக்காற்று பளிங்கை அரிக்கத் தொடங்கியது. 1925இல் எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்கு மாற்றினார்கள். சென்னையில் சிலை இடம்பெயர்வது பெரும்பாலும் அரசியல். 1857இல் கொடுமைகள் செய்த கர்னல் நீலின் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது அருங்காட்சியகத்துக்குள் போனது. தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் மன்றோவை யாரும் தொடவில்லை. அந்த மன்றோவும் 1792 உடன்படிக்கையால் கிடைத்த பாராமகாலில்தான் வருவாய் நிர்வாகம் கற்றுக்கொண்டார். கார்ன்வாலிஸ் சிலைக்கு எதிராகக் கூட்டம் கூடியதாக நான் படித்ததில்லை. அவரை நகர்த்தியது கடல்.

இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு, 1948 ஜனவரி 31ஆம் தேதி கோட்டை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கட்டடமே 1790களில் எழுந்தது. கீழே மெட்ராஸ் பேங்க் இருந்திருக்கிறது. மாடியில் வணிகர்கள் கூடும் பொதுமண்டபம். 1796 முதல் சுமார் 45 ஆண்டுகள் அதன் கூரையில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. 1950இல் கார்ன்வாலிஸ் சிலை இந்தக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆக, கோட்டையில் தொடங்கி, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் போய், 150 வருஷத்துக்குப் பிறகு கோட்டைக்கே திரும்பிவிட்டது. முதன்முதலில் அது நின்ற குவிமாடம் கோட்டைக்குள் இப்போதும் இருக்கிறது, உள்ளே சிலை இல்லாமல்.

இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பொருள். 1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியை இங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பட்டுத்துணி. வெளிச்சமும் ஈரமும் படாமல் காக்க வேண்டிய பொருள். சிலையையும் கொடியையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். சிலையை உடைத்தால் நமக்கு நடந்தது என்ன என்று காட்ட ஒரு சாட்சி குறையும். நான் கேட்பது சாட்சியின் மறுபாதி.

அந்த மறுபாதி கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். எங்கள் கோட்டையின் மதிலும் அகழியும் போய்விட்டன. கோட்டைமேடு என்ற பேட்டையும், கோட்டை ஈஸ்வரன் என்று ஊர் சொல்லும் சங்கமேஸ்வரர் கோயிலும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. உக்கடத்துக்கும் டவுன்ஹாலுக்கும் நடுவே தினமும் ஆயிரமாயிரம் பேர் அதைக் கடந்து போகிறோம். 1791இல் இங்கே உள்ளே இருந்தவர் யார், வெளியே இருந்தவர் யார், 1800இல் இந்த ஊரில் தூக்குமேடை ஏறியவர்கள் எதற்காக ஏறினார்கள் என்பதை அந்த இடத்தில் நின்று படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். ஓடாநிலையில் சின்னமலைக்கு மணிமண்டபம் கட்டினோம், சங்ககிரியில் ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அந்த மரியாதை கோட்டைமேட்டுக்கும் வர வேண்டும்.

கணபதிக்காரனாக ஒரு யோசனையும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பவுண்டரி இல்லாத தெரு குறைவு. பேட்டர்ன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மணலில் மோல்டிங் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வார்த்துக் கொடுக்கிற கைகள் இருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தில் அந்தப் பீடத்துச் சிற்பத்தைத் தொடாமலே அளவெடுக்க இன்று கருவிகள் உண்டு. தொல்லியல் துறை அனுமதி கொடுத்தால் அதன் பிரதியைக் கணபதியிலேயே வெண்கலத்தில் வார்த்துக் கோட்டைமேட்டில் வைக்கலாம். பக்கத்திலேயே, அதே அளவில், பேங்க்ஸ் செதுக்காமல் விட்டதையும் நாம் வார்த்து வைக்கலாம்: முற்றுகைக்குள் இருந்த ஊர், காளையைப் பறிகொடுத்த குடியானவன், 42 பேர்.

மாநகராட்சியும் தொல்லியல் துறையும் எங்கள் தொழில் சங்கங்களும் மனசு வைத்தால் இது ஒரு வருஷ வேலை. அதுவரை, சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் எதிரே பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி, அடுத்த நிறுத்தமான கோட்டையில் இறங்குங்கள். தலைமைச் செயலகம் இருக்கும் இடமாதலால் வாசலில் சோதனை உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்தப் பீடத்தைக் காட்டுங்கள், இதில் நம் ஊரும் இருக்கிறது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.